ஜெர்மன் வீட்டில் ஓராண்டு: ஓ-பேராகப் போகிறவர்களுக்கு

கல்லூரி முடித்த கையோடு, 2023-ல், நான் ஜெர்மனிக்கு ஓ-பேராக, அதாவது அங்குள்ள வீட்டில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவளாக, போனேன். ஸ்டுட்கார்ட் நகரின் மேட்டுப் பகுதியான டெகர்லோக்கில் ஒரு குடும்பத்தோடு தங்கினேன். அப்பா, அம்மா, ஆறு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாட்டி. இப்போது என்னிடம் விவரம் கேட்கிற பெண்கள் விசாவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதற்கு வேண்டிய காகிதங்களின் பட்டியல் தூதரகத் தளத்திலேயே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் சமையலறையில், அவர்கள் பழக்கங்களுக்கு நடுவே, மாதக்கணக்கில் நிம்மதியாக இருப்பதற்கு யாரும் பட்டியல் தருவதில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றி.

முதலில் விதிமுறைகள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் பிடிமானம். ஓ-பேர் என்பது ஒரு குடும்பத்தில் ஒருவராகத் தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, லேசான வீட்டு வேலை செய்து, ஜெர்மன் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 12 மாதம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது. ஏ1 என்ற தொடக்க நிலை அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். நான் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே நிலையத்தில் தேர்வு எழுதினேன். வேலை நாளைக்கு 6 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் மேல் போகக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, நான்கு மாலைகள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுக்க நம்முடையது. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ குடும்பம் தர வேண்டும். காப்பீடும் அவர்கள் செலவு. ஓராண்டுக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஜன்னலும் வெப்பமூட்டியும் உள்ள, 8 சதுர மீட்டருக்குக் குறையாத தனி அறை.

"அங்கே ஏதாவது தமிழ்க் குடும்பம் கிடைக்குமா?" என்று என் அம்மா உட்படப் பலரும் கேட்டார்கள். கிடைக்காது. வீட்டில் பேசும் மொழி ஜெர்மனாக இருக்க வேண்டும் என்பதோடு, இந்தியாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் இந்தியப் பெண்ணை ஓ-பேராக எடுக்கவும் முடியாது. மொழி கற்கத்தான் அனுப்புகிறார்கள் என்பதால் இது நியாயமான விதி என்றே நினைக்கிறேன்.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் உள்ள நிறுவனங்கள் ஓ-பேரிடம் 150 யூரோவுக்கு மேல் ஏற்பாட்டுக் கட்டணம் வாங்கக் கூடாது. இங்கே லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை 280 யூரோவில் அடைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் கைச்செலவில் கடன் அடையாது. கடனோடு போகிற பெண்ணால் தவறான வீட்டை விட்டு வெளியேறவும் முடியாது.

குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீடியோவில் பேசுவோம். எல்லோரும் சிரித்துக்கொண்டே பேசுவதால் அந்த அழைப்புகளில் உண்மை எளிதில் வெளியே வராது. அதனால் குறிப்பாகக் கேட்க வேண்டும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை முதல் இரவு வரை எப்படிப் போகும்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருப்பார்கள்? என் அறையைக் காட்ட முடியுமா? கதவுக்குப் பூட்டு உண்டா? இதற்கு முன் இருந்த ஓ-பேரோடு நான் பேசலாமா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் தங்கிய வீட்டு அம்மா யோசிக்காமல் உடனே தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எனக்கு முன்னால் இருந்த கொலம்பியாப் பெண்ணோடு ஒரு மணி நேரம் பேசினேன். "நல்ல வீடு, ஆனால் அம்மா வேலையிலிருந்து வர எப்போதும் தாமதமாகும்" என்றாள். அதே போலத்தான் இருந்தது.

போய் இறங்கியதும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. அதைவிட முதலில் செய்ய வேண்டியது, தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. அங்கே தபால்காரர் பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண், வரி எண், வெளிநாட்டவர் அலுவலகச் சந்திப்பு நேரம் எல்லாம் தபாலில்தான் வரும். நம் பெயர்கள் நீளம் வேறு. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி ஒட்டுங்கள். கொஞ்ச நாளில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். பயப்பட வேண்டாம். அது ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, ஆளுக்கு அல்ல. வீட்டுக்காரர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கணக்கு எண்ணைக் குறித்து அனுப்பினால் போதும்.

இனி வீட்டுக்குள். அங்கே எதுவானாலும் சொன்னால்தான் உண்டு. நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" என்று கேட்டால் "போதும் போதும்" என்போம், அப்படியும் ஒரு கரண்டி வந்து விழும். முகம் வாடியிருந்தால் யாராவது ஒருவர் காரணம் கேட்பார். அந்த வீட்டில் "வேண்டாம்" என்றால் தட்டு அடுத்தவரிடம் போய்விடும். அது அன்பில்லாததால் அல்ல. நீ சொன்னதை மதித்து நடக்கிறார்கள், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பது நாகரிகமில்லை என்றுகூட அவர்களில் பலர் நினைக்கிறார்கள். இது புரிந்த பிறகு எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சூடான சாப்பாடு மதியம்தான். மாலை ஆறரை மணிக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி, ஊறுகாய் வெள்ளரி என்று எல்லாம் ஆறின பொருள்களாக மேசைக்கு வரும். அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. ஒன்பது மணிக்கு எனக்கு வயிறு கேட்கத் தொடங்கும். இரண்டாம் வாரம் நேராகவே சொன்னேன்: "எனக்கு இரவில் சூடாகச் சோறு சாப்பிட்டுப் பழக்கம். நானே வைத்துக்கொள்ளட்டுமா?" அப்பா எழுந்து போய் ஃபிரிட்ஜில் ஓர் அடுக்கைக் காலி செய்து, "இது உன்னுடையது" என்றார். அம்மா வாராந்தரச் சாமான் பட்டியலில் தயிரும் அரிசியும் சேர்த்தார். கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் சைவம். ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியா பகுதியில் பருப்பை ஸ்பெட்ஸ்லே என்ற முட்டை மாவு நூடுல்ஸோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். பருப்பு என்றதும் நம் ஆள் என்று தட்டை நீட்டிவிடக் கூடாது; அதில் பன்றிக் கொழுப்பைப் போட்டுத்தான் பெரும்பாலும் தாளிப்பார்கள். மௌல்டாஷென் என்ற கொழுக்கட்டை போன்ற பண்டத்துக்குள் இறைச்சி இருக்கும். சைவ வகையும் கடையில் உண்டு. பிள்ளைகள் தருகிற ரப்பர் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும். சைவர்கள் இவற்றை முதல் வாரமே விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது. மீனும் முட்டையும் சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அவர்கள் கணக்கில் அவை தனித்தனி.

தாளிப்பு ஒரு பெரிய விஷயம். அந்த வீடுகள் குளிருக்காக இறுக்கமாக மூடப்பட்டவை. பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்தால் நெடி இரண்டு நாள் நிற்கும். அதிலும் நடைவழியில் மாட்டியிருக்கிற கம்பளிக் கோட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா அலுவலகம் போக வேண்டும். படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால் மிளகாய்ப் புகை அதையும் எழுப்பிவிடும். நாங்கள் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சமையலறைக் கதவைச் சாத்தி, மேலே உறிஞ்சும் விசிறியைப் போட்டு, ஜன்னலை அகலத் திறந்துவைத்துத் தாளிப்பேன். கோட்டுகளை அதற்கு முன் அறைக்குள் மாற்றிவிடுவேன். வாரத்தில் ஒருநாள் சாம்பார், ரசம் எல்லாம் மொத்தமாகச் செய்து, டப்பாவில் வைத்துக்கொள்வேன். பையனுக்கு ரசம் பிடித்துப்போனது என்பதையும் சொல்லியாக வேண்டும், மிளகைக் குறைத்தால் ஒரு கிண்ணம் முழுக்கக் குடிப்பான்.

ஜன்னல் என்றதும் நினைவு வருகிறது. கடுங்குளிரிலும் காலையில் ஐந்து நிமிடம் எல்லா ஜன்னல்களையும் முழுக்கத் திறந்து மூட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் சுவரில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குளித்த பிறகும் அப்படித்தான். சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். வாடகை வீடென்றால் பூஞ்சைக்கு அந்தக் குடும்பம் பதில் சொல்ல வேண்டிவரும், அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரவு பத்துக்கு மேல் காலை ஆறு வரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுவதும் அமைதி நாள். கடைகளும் மூடியிருக்கும், எனவே சனிக்கிழமையே அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடிப் பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடுவதுகூட ஞாயிற்றுக்கிழமை ஆகாது. குப்பையை உணவுக்கழிவு, காகிதம், பிளாஸ்டிக் பொதி, மீதி என்று பிரிக்க வேண்டும். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு, கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பி வரும். கட்டடப் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பதற்கு வீட்டுக்கு ஒரு வாரம் முறை. நம் முறை வரும்போது கதவில் ஒரு பலகை தொங்கும். குளிர்காலத்தில் நடைபாதைப் பனியை வாரித் தள்ளுவதும் இதில் சேரும். ஸ்வாபியாக்காரர்கள் இதை மிகவும் மதிக்கிறார்கள். நான் அதில் ஒரு கை கொடுத்தேன், ஆனால் முழுப் பொறுப்பும் ஓ-பேருடையது அல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எங்கே என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மணிக்கணக்கு. பெரும்பாலான வீடுகளில் மனக்கசப்பு தொடங்குகிற இடம் இது. எங்கள் வீட்டிலும் இலையுதிர்காலத்தில் அம்மாவுக்கு வேலை கூடியது. ஐந்து மணிக்கு முடிய வேண்டிய என் நேரம் ஏழு வரை போனது. அப்புறம் வார இறுதியில் "கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா?" என்று வந்தது. இரவில் பிள்ளைகள் தூங்கும்போது காவல் இருப்பதும் வேலை நேரத்தில்தான் சேரும். நான் வந்த நாளிலிருந்தே ஒரு சிறு நோட்டில் நேரத்தைக் குறித்துவைத்தேன். மொழி வகுப்பு ரோட்டெபியூல்பிளாட்ஸ் என்ற இடத்தில், பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் மக்கள் கல்லூரியில் நடந்தது. அங்கே ஆசிரியரிடம் நான் சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களை எழுதிக் காட்டித் திருத்திக்கொண்டேன். ஞாயிறு காலை உணவுக்குப் பிறகு, பிள்ளைகள் விளையாடப் போனதும், நோட்டை மேசையில் வைத்துச் சொன்னேன்: "போன மாதம் வாரத்துக்கு 38 மணி நேரம் ஆகியிருக்கிறது. பிள்ளைகளோடு இருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் வகுப்புக்குப் படிக்க நேரம் இல்லை. என்ன செய்யலாம்?"

அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நீ ஒன்றும் சொல்லாததால் சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்" என்றார். அப்பாவின் முகம் அன்று முழுக்கச் சற்று இறுக்கமாகவே இருந்தது. மறுநாள் காலை அவரே ஒரு வாரத் தாளை அச்சிட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். கூடுதலாகப் போன நேரத்துக்கு ஈடாகக் கிறிஸ்துமஸுக்கு முன் எனக்கு நான்கு நாள் தொடர் விடுமுறை கிடைத்தது. வருத்தத்தை மனதில் சேர்த்துவைத்து ஒருநாள் அழுதுகொண்டே சொல்வதைவிட, கணக்கோடு அமைதியாகச் சொல்வது அவர்களுக்கும் எளிது. ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள், அவசரமாகக் கிளம்பும் காலையில் சொல்லாதீர்கள்.

பேசியும் சரியாகாத வீடுகள் உண்டு. என் வகுப்பில் மடகாஸ்கரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். துணி துவைக்கும் இயந்திரம் இருந்த அறையில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சமையல், முழு வீட்டுச் சுத்தம், மூன்று பிள்ளைகள் எல்லாம் அவள் தலையில். மூன்று முறை பேசிப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் உள்ளபடி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாள். குடும்பத்தை மாற்றிக்கொள்ளலாம், வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, புதிய குடும்பத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். மொத்தக் காலம் 12 மாதம்தான். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். மிரட்டலோ தொந்தரவோ இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 116 016, இலவசம், இரவும் பகலும், பல மொழிகளில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் போலீஸ் 110.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, பெற்றோரின் விதி என்னவோ அதுவே என் விதியும். இனிப்பு எப்போது, கார்ட்டூன் எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். மழையிலும் பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரிலும் பிள்ளைகளை விளையாட அனுப்புவார்கள். மேலே ரப்பர் கால்சட்டை போட்டுவிட்டால் சரி. சளி பிடிக்குமே என்று நம் மனம் பதறும். அதை அவர்கள் பிள்ளை வளர்ப்பின் மேல் திணிக்க நமக்கு உரிமை இல்லை. இன்னொன்று, பிள்ளைகளின் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில்கூடப் போடக் கூடாது. முகம் தெரியாமல் எடுத்தாலும் முன்கூட்டியே கேளுங்கள். பல குடும்பங்களில் இது பெரிய நம்பிக்கைப் பிரச்சினை.

2023-ல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. அதற்கு முந்தைய நாள், 11-ம் தேதி, அங்கே புனித மார்ட்டின் நாள். பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு இருட்டில் ஊர்வலம் போவார்கள். நானும் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். நடக்கும்போதே மறுநாள் எங்கள் வீட்டில் விளக்குப் பண்டிகை என்று பெரியவளிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொல்ல, ஊர்வலம் முடிந்து வந்த விளக்குகளை யாரும் எடுத்துவைக்கவில்லை. ஜன்னலோரம் வரிசையாக மாட்டினோம். விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்க வழியில்லை, குழாய்ச் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்கும்; எட்டு மணிக்குக் குளித்தேன். பட்டாசும் கிடையாது, ஆண்டு முடிவில்தான் பொதுமக்கள் அங்கே வெடிக்கலாம். முறுக்குக்கு அரிசி மாவு சனிக்கிழமையே ஓர் ஈழத் தமிழர் கடையில் வாங்கிவைத்திருந்தேன். எண்பதுகளில் போர் காரணமாக வந்த குடும்பங்களின் கடைகள் ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் இருக்கின்றன. முதல்முறை போனபோதே கடைக்கார ஐயா "புதுசா வந்தனீங்களோ பிள்ளை?" என்று கேட்டு, எந்த அரிசி குழையாது என்று எடுத்துக் கொடுத்தார். மாதம் ஒருமுறை அங்கே போய்த் தமிழில் பேசிவிட்டு வருவதே எனக்குப் பெரிய தெம்பு.

வீட்டில் நேரம் உள்ள ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பேன். எனக்கு அது கீழ்த்தளத்துப் பாட்டி. பெற்றோரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். வாயில் வரச் சில வாரம் ஆனது. பாட்டியைப் பிள்ளைகள் போலவே "ஓமா" என்று கூப்பிட அவரே ஒருநாள் சொன்னார். அவர் பேசியது ஸ்வாபிய வட்டார ஜெர்மன், ஆரம்பத்தில் ஒன்றும் விளங்கவில்லை. மாலை மூன்றரைக்குக் காப்பியும் கேக்கும் வைத்துக் கூப்பிடுவார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பேசுவோம். மரப்பலகையில் மாவைத் தேய்த்துக் கொதிநீரில் சீவிவிட்டு ஸ்பெட்ஸ்லே செய்யக் கற்றுக்கொடுத்தார். வகுப்பில் நான் இலக்கணம் படித்தேன்; பேச்சு வந்தது அந்த மேசையில்தான்.

வீட்டுக்குப் பேசுவதற்கும் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நான்கரை. நம் வேலை முடிந்து உட்காரும்போது ஊரில் என் அம்மாவுக்கு நள்ளிரவு. அதனால் பையன் மதியம் தூங்கும் நேரத்தில் பேசினேன். டிசம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதங்களில் அறைக்குள் முடங்காமல் வெளியே போனதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம் என்ற ஜெர்மனி டிக்கெட்டை, அப்போது அது மாதம் 49 யூரோ, எங்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். பல்சக்கரம் பிடித்து மேடு ஏறி இறங்கும் பல்லிருப்புப் பாதை ரயிலில், கீழே நகருக்குள் உள்ள மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு இறங்கிப் போவேன். சில ஞாயிறுகளில் பக்கத்து ஊர்களான எஸ்லிங்கனும் டூபிங்கனும் பார்த்துவிட்டு வருவேன்.

அடுத்து என்ன என்பதைப் பாதி ஆண்டு கழியும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஓ-பேர் அனுமதியை 12 மாதத்துக்கு மேல் நீட்ட முடியாது. செவிலியர் போன்ற தொழிற்பயிற்சிக்குப் போக நினைத்தால் பெரும்பாலும் பி1 அல்லது பி2 என்ற இடைநிலை அளவு மொழி கேட்பார்கள், தேர்வுக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். ஊர் திரும்புவதென்றால் நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். பதிவை நீக்கியதற்கு அவர்கள் தரும் தாள் இருந்தால் காப்பீட்டையும் வங்கிக் கணக்கையும் முடிப்பது சுலபம். பதிவை நீக்கும் முன் வரி எண் உள்ள கடிதத்தையும் மொழிச் சான்றிதழையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி ஜெர்மனி போக நேர்ந்தால் அதே வரி எண்தான் தொடரும்.